படியேறிப் பிடித்த படபடப்பு

எழுபதுகளின் நடுவில் நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தேன். வயது இருபத்தாறு. வீடு பிள்ளைப்பாக்கத்தில். காலையில் சைக்கிளில் வந்து, முதல் மணி அடிப்பதற்குள் மைதானத்தை நாலு சுற்று ஓடிவிடுவேன். வெள்ளைப் புடவை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். புடவையில் ஓடுவது அப்போது எனக்கு ஒரு விஷயமே இல்லை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டால் போதும், கால் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். படிக்கிற காலத்தில் ஓட்டத்தில் மாவட்டப் பரிசு வாங்கியவள் என்ற கர்வம் கொஞ்சம் கூடவே உண்டு.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு ரிலே ஓட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓடிக் காட்டிவிட்டு, கீழே விழுந்த ரிலே கட்டையை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். நெஞ்சுக்குள் ஒரு குதி. அடுத்த நொடி இதயம் என் கட்டுப்பாட்டில் இல்லை. ஓடினால் இதயம் வேகமாக அடிக்கும், அது எனக்குத் தெரியாதா? இது அந்த வேகம் இல்லை. தையல் மிஷினை யாரோ முழு வேகத்தில் மிதிப்பது போல, தொண்டை வரைக்கும் தடதடவென்று அடித்தது. கண் இருட்டியது. மைதானத்தின் நடுவே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது பெண்களும் என்னைச் சுற்றி நின்று "டீச்சர், டீச்சர்" என்று கத்தினார்கள். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

இது எனக்குப் புதிதில்லை. இரண்டு வருடமாக இருந்தது. முதலில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு நிமிடத்தில் தானாகப் போய்விடும். பிறகு மாதம் ஒருமுறை. அந்த வருடம் வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தது, வந்தால் இருபது நிமிடம் அரை மணி நேரம் நின்றது. எல்லாம் ஓடும்போதோ ஓடி முடித்ததுமோதான். வகுப்பில் சும்மா நிற்கும்போது வந்ததே இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓட முடியாத விளையாட்டு டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. என் அண்ணிக்கு.

அண்ணன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். அண்ணி வாலாஜாபாத்காரி. என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. ஒரு நாள் ஏரிக்கரை மேட்டில் சைக்கிள் மிதித்து வந்து, வாசலில் எனக்கு அது வந்தபோது அவள்தான் பார்த்தாள். என்னை உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வாங்கின கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"இன்னா பாப்பா இது? ஒண்ணு, ரெண்டுன்னு நான் வாயால சொல்றதுக்குள்ள அது நாலு தாண்டிப் பூடுது! ஆளுக்கு இப்பிடி அடிக்குமா?"

"அண்ணன் கிட்ட சொல்லாதீங்க அண்ணி."

"சொல்ல மாட்டேன். ஆனா நீ டாக்டராண்ட போவணும்."

அப்போது போகவில்லை. மைதானத்தில் உட்கார்ந்த அன்றுதான் போனேன். தலைமையாசிரியை ஆயாவைத் துணைக்குச் சேர்த்து, கடைத்தெருவில் இருந்த டாக்டரிடம் அனுப்பினார். நான் போய் பெஞ்சில் காத்திருந்து உள்ளே நுழைந்தபோது எல்லாம் நின்றுவிட்டது. எப்போதும் அப்படித்தான். டாக்டர் நாடியைப் பிடித்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "நல்லாத்தானே அடிக்குது" என்றார். பிறகு, "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார்.

"இல்லை."

வியாதியைக் கண்டுபிடித்துவிட்டவர் போலத் தலையாட்டினார். டானிக் எழுதினார். சீட்டில் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதினார். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று வாயாலும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அப்போது நெஞ்சு படபடத்திருந்தால் அவருக்கே காட்டியிருக்கலாம். அதுவோ அமைதியாக அடித்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை அந்தச் சீட்டைப் படித்தார். நல்ல மனுஷி. ஆனால் பயந்துவிட்டார்.

"டீச்சர், பொண்ணுங்க முன்னாடி நீங்க மயங்கி விழுந்தா நான் என்ன பண்றது? மாவட்டப் போட்டி வருது. அது வரைக்கும் தையல் வகுப்பைப் பாருங்க. இல்லேன்னா இதயத்துக்குன்னே படிச்ச பெரிய டாக்டர் கிட்ட போய், ஓடலாம்னு எழுதி வாங்கிக்கிட்டு வாங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

தையல் வகுப்பு! எனக்குப் பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது.

வீட்டில் விஷயம் உடைந்தது. அப்பா நாற்றங்காலில் இருந்து வந்து, கை காலைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. "ஓடினா வருது, ஓடாட்டி வரலைங்கற. அப்போ ஓடாம இருந்துடு. இதுக்கு மெட்ராஸ் எதுக்கு?"

அண்ணிதான் முன்னால் வந்தாள். "மாமா, நீங்க ஏர் ஓட்டும்போது முதுகு வலிச்சா, ஏர் ஓட்டாம இருந்துடுங்கன்னு நான் சொன்னா இன்னா சொல்லுவீங்க?"

அப்பா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ கூடப் போறியா?" என்று அவளிடம் கேட்டார். அதுதான் சம்மதம்.

கடைத்தெரு டாக்டரிடமே போய் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வாங்கினேன். "அங்க போனாலும் இதைத்தான் சொல்லுவாங்க" என்று சொல்லியபடியே எழுதிக்கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ். நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ போட்டிக்குப் போகிற நாள் மாதிரி இருந்தது. ஷூவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணி புளிசாதம் கட்டிக்கொண்டாள், தலையில் பூ வைத்துக்கொண்டாள். பூந்தமல்லி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் டிரெயினிங் காலேஜ் படித்தது மெட்ராஸில்தான் என்பதை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"பயமா கீதா பாப்பா?" என்று நடுவில் கேட்டாள்.

"இல்ல அண்ணி. இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சுடும்."

"அதான். வர்றது வரட்டும், பேர் தெரிஞ்சாப் போதும்."

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, இதயப் பிரிவுக்குப் போய்ச் சேர பத்து மணி ஆகிவிட்டது. நீளமான வராந்தா. இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஜனம். முதலில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு ஈ.சி.ஜி. அறையில் படுக்கவைத்து, கையிலும் காலிலும் ரப்பர் பட்டை கட்டி, நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவி, மிஷினைப் போட்டார்கள். கட்டம் போட்ட காகிதம் நாக்கு மாதிரி வெளியே வந்தது. இளம் டாக்டர் அதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. இதயம் நல்லா இருக்கு. டென்ஷனா இருப்பீங்க. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதறேன்."

எனக்கு அழுகை வந்தது. நல்ல செய்திக்கு அழுவதா என்று அவர் விழித்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியது எனக்கே விசித்திரமாக இருந்தது.

அண்ணி மேஜையில் கையூன்றி நின்றாள். "தம்பி, நான் கண்ணால பாத்திருக்கேன். கையால புடிச்சு எண்ணிப் பாத்திருக்கேன். டென்ஷன்ல அப்பிடி அடிக்காது. பெரிய டாக்டரப் பாக்காம நாங்க போறதா இல்ல."

"அவரு ரொம்ப பிஸிம்மா."

"பிஸியா இருக்கட்டும். நாங்க குந்திக்கினு இருக்கோம்."

குந்தினோம். புளிசாதத்தைத் தின்றோம். பன்னிரண்டு மணிக்கு மேல் எங்களைக் கூப்பிட்டார்கள்.

பெரிய டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியாக, உயரமாக இருந்தார். கையில் ஆறிப்போன டீ. கோட்டு நுனியில் மைக்கறை. இளம் டாக்டர் பக்கத்தில் நின்றார். பெரியவர் காகிதத்தைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. எப்படி வருது? கொஞ்சம் கொஞ்சமா ஏறுதா, சட்டுனு வருதா?"

இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "சட்டுனுதான் டாக்டர். சுவிட்சு போட்ட மாதிரி."

"போகும்போது?"

"அதுவும் சட்டுனுதான். ஒரு பெரிய அடி அடிச்சுட்டு நின்னுடும்."

அவர் முகம் மாறியது. டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எப்படி அடிக்குதுன்னு மேஜையில தட்டிக் காட்டுங்க."

நான் விரலால் தட்டினேன். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடி இல்ல பாப்பா, நீ மெதுவா தட்டற" என்று குறுக்கே வந்து, இரண்டு கையாலும் மேஜையில் படபடவென்று தட்டினாள். ஊரில் கோயில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்தவள். ஒரு தட்டு முன்னே பின்னே போகாமல், சீராக, வேகமாகத் தட்டினாள். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் கையும் தன்னை அறியாமல் முழங்காலில் சேர்ந்து தட்டியது.

"இதே வேகமா? நடுவுல தடுமாறாம, இப்படி ஒரே சீராவா?"

"ஒரே சீரா டாக்டர். அதுல தப்பே இல்ல" என்றாள் அண்ணி.

அவர் இளம் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "இது டென்ஷன் இல்லப்பா. எனக்கு என்னன்னு தெரியும்னு நினைக்கிறேன். ஆனா காகிதத்துல பிடிச்சாத்தான் எழுத முடியும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப வரவழைக்க முடியுமா?"

முதலில் ஒரு சோதனை வைத்தார்கள். இரண்டே படி உள்ள ஒரு மரப்படி. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி வர வேண்டும். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். நான் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். நேரம் முடிந்தபோது எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"டாக்டர், நான் தினமும் ஓடறவ. இது எனக்குப் பத்தாது" என்றேன்.

அவர் யோசித்தார். "இந்தக் கட்டடத்துக்கு மூணு மாடி இருக்கு" என்றார். பிறகு நர்ஸைப் பார்த்து, "சிஸ்டர், இவங்க கூடவே போங்க. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஆளை நிறுத்துங்க. கீழ சக்கர நாற்காலி தயாரா இருக்கட்டும். தலை சுத்தினா அந்த இடத்துலயே உட்காரணும், சரியாம்மா?" என்றார்.

நான் பையிலிருந்து ஷூவை எடுத்து மாட்டினேன். கொசுவத்தைச் செருகினேன். அறைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் என் காலையே பார்த்தார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இதயப் பிரிவில் ஒரு பெண் ஓடுகிறாள், பின்னால் நர்ஸ் ஓடுகிறாள், அவளுக்குப் பின்னால் பூ வைத்துக்கொண்டு ஒருத்தி கைப்பையோடு ஓடுகிறாள். நான் முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி ஏறி, திரும்பி இறங்கினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஏறினேன். நர்ஸ் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டார். மூன்றாம் முறை ஏறும்போது படியோரம் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, "போ தாயி, போ" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எதற்கு ஓடுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் உற்சாகப்படுத்தினார்கள். போட்டி மைதானத்தில்கூட எனக்கு அவ்வளவு கூட்டம் கைதட்டியதில்லை.

மூன்றாவது முறையும் மேலே போய் நின்றேன். இதயம் வேகமாக, ஒழுங்காக, ஆரோக்கியமாக அடித்தது. இரண்டு வருடமாக வராதே வராதே என்று வேண்டிக்கொண்டிருந்தவள், அந்தப் படியில் நின்று வந்து தொலையேன் என்று வேண்டினேன். வரவில்லை. சுவரில் சாய்ந்து, "அவ்ளோதான் அண்ணி. வராது" என்றேன்.

அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கியபடி கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தாள். "இரு பாப்பா, இரு. அன்னிக்கு வாசல்ல எப்ப வந்துச்சு? சைக்கிள நிறுத்திட்டு, கீழ வுழுந்த பையை எடுக்கக் குனிஞ்ச. அப்பத்தான் வந்துச்சு. மைதானத்துல?"

"கட்டையை எடுக்கக் குனிஞ்சேன்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அண்ணி காலில் இருந்த செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டாள். "எடு!"

"அண்ணி!"

"எடு பாப்பா, ஒடம்பு ஆறிப்பூடும்!"

குனிந்தேன். விரல் இன்னும் செருப்பைத் தொடவில்லை. நெஞ்சுக்குள் அந்தக் குதி.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன். பரிசு விழுந்தது போலத்தான் கத்தினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வந்துடுச்சு! டாக்டர்! சிஸ்டர்! வந்துடுச்சு!" என்று அவள் போட்ட கூச்சல் மூன்று மாடியும் இறங்கிக் கீழே போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் மாடியில் நின்ற வார்டு ஆள் ஒரு கையைப் பிடித்தார், அண்ணி மறு கையைப் பிடித்தாள். இருவர் நடுவே கைத்தாங்கலாக இறங்கினேன். தொண்டையில் தடதடவென்று அடிக்கிறது, கண்முன்னே பூச்சி பறக்கிறது, எனக்கோ ஒரே கவலை. கீழே போவதற்குள் இது நின்றுவிடக் கூடாதே! கீழே சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அண்ணி ஒரு காலில் செருப்போடு முன்னால் ஓடினாள். "வழி வுடுங்க! வழி வுடுங்க!"

ஈ.சி.ஜி. அறைக் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். கை காலில் பட்டை கட்டி, அவருக்கு அப்போதுதான் மிஷினைப் போடப் போனார்கள். என்னைப் பார்த்ததும் அவரே எழுந்து உட்கார்ந்து, பட்டைகளைத் தானே பிய்த்துக்கொண்டு, "நீ படும்மா முதல்ல. என் நெஞ்சு எங்க போவுது" என்று இறங்கி நின்றார். சட்டை போடாமல், நெஞ்சில் பிசுக்கோடு, கடைசி வரை அந்த மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டை கட்டினார்கள். பெரிய டாக்டர் ஓடி வந்தார். மிஷினைப் போட்டார்கள். காகிதம் அரை சாண் வந்து நின்றுவிட்டது. சுருள் தீர்ந்துவிட்டது!

"வேற சுருள் எங்க?" என்று அவர் கத்தினார். அலமாரியைத் திறந்தார்கள், மூடினார்கள். இளம் டாக்டர் பக்கத்து அறைக்கு ஓடினார். நான் கூரையைப் பார்த்தபடி, அசையாமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். போகாதே, இன்னும் கொஞ்ச நேரம், போகாதே. அண்ணி என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளம் டாக்டர் சுருளோடு வந்து மாட்டினார்.

முள் எகிறியது. காகிதம் ஓடியது. பெரிய டாக்டர் அதைக் கையில் ஏந்தி, குழந்தை மாதிரி சிரித்தார். "பாருப்பா! பாரு! நிமிஷத்துக்கு இருநூறு! ஒரே சீரு! அந்தம்மா தட்டின தாளம் அப்படியே கிடக்கு பார்!" மாணவர்களைக் கூப்பிட்டு வரச் சொன்னார். ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு என் தலைமாட்டில் குனிந்து, "இப்ப இதை நிறுத்தலாமா? மருந்து இல்லாம?" என்று கேட்டார். "மூக்கை இறுக்கிப் பிடிங்க. வாயை மூடுங்க. காத்து வெளியே போகக் கூடாது. பாரம் தூக்கற மாதிரி அடிவயித்துலேர்ந்து முக்குங்க. நான் சொல்ற வரைக்கும்."

முக்கினேன். முகம் சூடாகியது. நிற்கவில்லை. "இன்னொரு தடவை. இன்னும் பலமா." மறுபடி மூக்கைப் பிடித்து, காது அடைத்துப்போகிற வரைக்கும் முக்கி, அவர் "விடுங்க" என்றதும் விட்டேன். நெஞ்சில் ஒரு பெரிய வெறுமை. காகிதத்தில் முள் எகிறாமல் நேர்கோடாக ஓடியது. அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு அடி. சற்றுப் பொறுத்து இன்னொரு அடி. டக்... டக்... டக்... என்று எந்த அவசரமும் இல்லாமல் இதயம் தன் பாட்டுக்கு நடந்தது.

அறையில் யாரோ கைதட்டினார்கள். மூலையில் நின்ற பெரியவர்தான்.

டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். காகிதத்தின் பின்பக்கம் பேனாவால் படம் போட்டார். "இதயத்துல கரண்டு போறதுக்கு ஒரு வழி உண்டு. உங்களுக்குப் பிறவியிலேயே பக்கத்துல இன்னொரு சின்ன வழியும் இருக்கு. சில நேரம் கரண்டு ஒரு வழியா இறங்கி, இன்னொரு வழியா ஏறி, அங்கேயே வட்டம் சுத்த ஆரம்பிச்சுடுது. நீங்க முக்கினீங்கல்ல, அப்ப அந்த வட்டம் அறுந்துபோச்சு. நரம்புத் தளர்ச்சியும் இல்ல, மனசும் காரணம் இல்ல. கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அண்ணி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"உயிருக்கு ஆபத்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வால்வு நல்லா இருக்கு, இதயம் பெரிசாகல. இந்த மாதிரி இதயத்துல இது ரொம்பத் தொல்லை, ஆனா பெரும்பாலும் ஆபத்து இல்ல. வந்தா உடனே ஓட்டத்தை நிறுத்தி உட்காரணும். மூக்கைப் பிடிச்சு முக்கணும். அரை மணியில நிக்கலேன்னாலோ, மயக்கம் வந்தாலோ பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். தனியா கிணத்துல நீந்தாதீங்க. ரோட்டு நடுவுல சைக்கிள்ல வந்தா இறங்கிடுங்க. ஒரு மாத்திரை தரேன், ஒரு மாசம் பாக்கலாம்."

"ஓடலாமா?"

அவர் என் ஷூவைப் பார்த்தார். "மூணு மாடி மூணு தடவை ஏறியிருக்கீங்க. என் மாணவங்க ஒருத்தனாலயும் முடியாது. ஓடுங்க."

அதையே கடிதமாகவும் எழுதிக்கொடுத்தார். கூடவே, காகிதத்தில் வேக அடி நின்று நிதான அடி தொடங்குகிற இடத்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி என் கையில் தந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணி அதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். "இது என் நாத்தனார் நெஞ்சு. இங்க பாருங்க, இங்கதான் நின்னுச்சு!" செருப்பில் ஒன்று மூன்றாம் மாடியிலேயே போய்விட்டது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

தலைமையாசிரியை கடிதத்தைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை படித்தார். "சரி, தையல் வகுப்பு பிழைச்சுது" என்றார். நான் நேரே மைதானத்துக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் பெண்களை உட்காரவைத்து, எனக்கு என்ன, வந்தால் நான் என்ன செய்வேன், நீங்கள் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைப் பிடித்து முக்கிக் காட்டியபோது முப்பது பேரும் சேர்ந்து முக்கினார்கள், சிரித்து உருண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அழவில்லை.

கடைத்தெரு டாக்டரிடம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணி விடவில்லை, காகிதத்தோடு இழுத்துக்கொண்டு போனாள். சண்டைக்குத் தயாராகப் போனோம். அவர் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "புஸ்தகத்துல படிச்சதுதான். கண்ணால பாக்கறது இதான் முதல் தடவை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் அவசரப்பட்டுட்டேன்மா" என்றார். அதோடு நிற்கவில்லை. எங்கே குனிந்தேன், எத்தனை முறை முக்கினேன் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். சண்டை போட வந்த அண்ணி அவருக்கும் மேஜையில் தட்டிக் காட்டிவிட்டு வந்தாள்.

எல்லாம் அப்படியே சுகமாக முடிந்துவிடவில்லை. மாத்திரை சாப்பிட்ட மாதம் படபடப்பு வரவில்லை, ஆனால் காலில் ஈயம் கட்டியது போல இருந்தது. ஒரு சுற்று ஓடவே அலுத்தது. மறுபடி மெட்ராஸ் போய்ச் சொன்னேன். அவர் அளவைப் பாதியாக்கினார், பிறகு சில மாதம் கழித்து, அடிக்கடி வந்தால் மட்டும் சாப்பிடுங்கள் என்று நிறுத்தினார். எது எனக்கு முக்கியம் என்று என்னையே கேட்டு முடிவு செய்த முதல் டாக்டர் அவர். ஓடுவதுதான் என்றேன். மாவட்டப் போட்டியில் என் பெண்கள் இரண்டாவதாக வந்தார்கள். அன்று எனக்கு ஒன்றும் வரவில்லை, கத்திக் கத்தித் தொண்டை மட்டும் போயிற்று.

கல்யாணம் ஆயிற்று, படப்பைக்குக் குடிபோனேன். படபடப்பு போகவில்லை. வருடத்துக்கு மூன்று நான்கு முறை வந்தது, பெரும்பாலும் இரண்டு முக்கில் நின்றது. ஒருமுறை ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது வந்தது. நின்று, மைல்கல்லில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்தேன். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏம்மா, வர்றியா இல்லியா?" என்று கத்தினார். வாயைத் திறக்க முடியாததால் போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் ஏதோ திட்டிக்கொண்டே விசில் கொடுத்தார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன சில நொடிகளில் நெஞ்சு அடங்கியது. புடவையைத் தட்டிவிட்டு எழுந்து, அடுத்த பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன்.